பெற்றோல் வானில் பிளக்கும் கொயிலும் மாற்றுதல்: முதன்முறையாகச் செய்வோருக்கு

தெஹிவளை மேம்பாலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறும்போது வான் இரண்டு மூன்று தடவை குலுங்கி, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல், டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கும் மினுங்கத் தொடங்கினால், சிலிண்டர்களில் ஒன்றில் பெற்றோல் எரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கராஜில் இதை ‘எஞ்சின் மிஸ் அடிக்கிறது’ என்பார்கள். பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டரோ காற்றுக் கசிவோகூடக் காரணமாக இருக்கலாம்; ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய வானில் முதலில் பார்க்க வேண்டியவை ஸ்பார்க் பிளக்கும் அதன்மேல் அமர்ந்திருக்கும் இக்னிஷன் கொயிலும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் கொழும்பில் நம்மில் பலர் இன்னும் பழைய வான்களையே ஓட்டுகிறோம். அவற்றை நல்ல நிலையில் வைத்திருக்க வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளதொன்றை நான் கண்டதில்லை.

இந்த வேலையில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். பிளக் இறங்கி உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது; பிளக்கின் மரையோ உருக்கு. உருக்கு கோணலாக ஏறினால் அலுமினியம் வழிவிட்டுக் கிழிந்துவிடும். மற்றப் பிழைகளில் பெரும்பாலானவற்றை, கொயிலை மாற்றிப் போட்டாலும் கனெக்டரைச் செருக மறந்தாலும், பத்து நிமிடத்தில் திருத்திக்கொள்ளலாம். மரையை மட்டும் அப்படித் திருத்த முடியாது. ஆகவே கீழே சில இடங்களில் நான் ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வான்களுக்கு இது பொருந்தும்

ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு கொயில் நேரே மேலே செருகப்பட்டிருக்கும் மூன்று அல்லது நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டொயோட்டா நோவா, புதிய டவுன்ஏஸ், சுசுகி எவ்ரி போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. டவுன்ஏஸிலும் எவ்ரியிலும் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருப்பதால் பொனட்டைத் தேடாமல் இருக்கையைத்தான் தூக்க வேண்டும். பழைய லைட்ஏஸ் போல, ஒரே கொயிலின் மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் நீண்ட பிளக் வயர்களும் உள்ள வான்களில் கொயில் வேறிடத்தில் தனியாக இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பூட்டும் பகுதி மட்டும் அவற்றுக்குப் பொருந்தும். எஸ்டிமா, அல்பார்ட் ஆகியவற்றின் ஆறு சிலிண்டர் வகைகளைப் புதியவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. அவற்றில் பின்வரிசையின் மூன்று பிளக்குகளை அடைய, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுவரும் மேற்பகுதியையே கழற்ற வேண்டிவரும்.

பிளக்கும் கொயிலும் ஒன்றையொன்று கெடுக்கும் விதம்

பற்றரி தருவது 12 வோல்ட். பிளக்கின் நுனியில் உள்ள ஒரு மில்லிமீற்றர் இடைவெளியை, அழுத்தப்பட்ட காற்றுக்கும் பெற்றோலுக்கும் நடுவே, பொறி தாண்ட வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது கொயில். பிளக் தேயத் தேய அந்த இடைவெளி அகலும். இடைவெளி அகல அகல, கொயில் மேலும் மேலும் உயர்ந்த வோல்டேஜைத் தள்ள வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் கொயிலின் உள்ளே இருக்கும் காப்புப் பூச்சு சூடேறி வெடிப்பு விடும். பல வேளைகளில் ‘கொயில் போய்விட்டது’ என்று நாம் சொல்வதன் பின்னால், நேரத்துக்கு மாற்றப்படாத ஒரு பிளக் இருக்கிறது. புதிய கொயிலைப் போட்டுவிட்டுப் பழைய பிளக்கை அப்படியே விட்டால் புதிய கொயிலும் அதே வழியில்தான் போகும்.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது என்ற கேள்விக்குப் பிளக்கின் வகைதான் விடை. சாதாரண நிக்கல் பிளக்குகளைக் காரில் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். எவ்ரி போன்ற 660 சிசி எஞ்சின்கள் வேகமாகச் சுழல்பவை என்பதால் அவற்றில் அதில் பாதி. நீண்ட ஆயுள் கொண்ட இரிடியம் பிளக்குகள் 100,000 கிலோமீற்றர் வரை தாங்கும். சிறிய எஞ்சின்களில் அதுவும் பாதியாகும். ஆனால் கொழும்பில் கிலோமீற்றர்க் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐட்லிங் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 350 தடவை பொறி விடுகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 21,000 தடவை. மாலை நேரத்தில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து வரும்போது மீற்றர் நகர்வதில்லை, பிளக் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. போதாதற்கு, மெதுவான ஓட்டத்தில் பிளக்கின் நுனி போதியளவு சூடாகாததால் கரியும் எரிந்து நீங்காது. நகருக்குள் மட்டுமே ஓடும் வானில் நிக்கல் பிளக்கை நான் 15,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்கிறோம் அல்லவா? எரியாத பெற்றோல்தான் அங்கே ஹைட்ரோகார்பனாகப் பதிவாகிறது. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிளக்குகளைப் பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை மெதுவாக ஓட்டி வரலாம். மினுங்கினால் ஓரமாக நிறுத்துவதே நல்லது. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே, புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு எத்தனையோ கொயில் வாங்கலாம்.

எஞ்சின் கணினியில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் குறியீடு கிடைக்கும். பி 0301 என்றால் முதலாம் சிலிண்டரில் மிஸ், பி 0304 என்றால் நான்காவதில். பி 0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில். பி 0351 முதல் பி 0354 வரையானவை கொயிலின் மின்சுற்றைக் குறிப்பவை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான சில பழைய வான்களுடன் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பேசாது. அப்போது தெரிந்த கராஜ் ஒன்றில் ஸ்கேன் மட்டும் செய்துகொள்ளலாம். நேர்வரிசை எஞ்சின்களில் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பதே முதலாம் சிலிண்டர்.

குறியீடு மூன்றாம் சிலிண்டரைக் காட்டினாலும் குற்றவாளி கொயிலா பிளக்கா என்பது அதிலிருந்து தெரியாது. மூன்றாம் கொயிலைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். குறியீடு பி 0302 ஆக மாறி வந்தால் கொயில் பழுது. மூன்றிலேயே நின்றால் பிளக், அல்லது அதையும் தாண்டிய ஏதோவொன்று. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு கொயில்களையும் வாங்கிவிடாதீர்கள். ஓம் மீற்றரால் கொயிலைச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான்கு முனைகள் உள்ள டொயோட்டா வகைக் கொயிலுக்குள் மின்னணுச் சுற்றும் அடைபட்டிருப்பதால் அந்த அளவீடு நம்பத்தக்கதல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொயிலைத் தூக்கிப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம். போக வழியில்லாத உயர் வோல்டேஜ், ஒன்றில் கொயிலின் உட்பகுதியைத் துளைக்கும் அல்லது உங்கள் கையைத் தேடி வரும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான் வழக்கமாகப் போகும் கடையில், முதல் தடவை பழைய பிளக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு “நானா, இதே மாதிரி நாலு வேணும்” என்று கேட்டேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இத வெச்சு நான் எப்பிடித் தம்பி தாற? போன தரம் போட்டவன் பிழையானத போட்டிருந்தா? சேசி நம்பரச் சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதுபோலவே, என் வானில் இருந்தவை அந்த எஞ்சினுக்கு உரிய இலக்கமே அல்ல. அன்றிலிருந்து சேசி இலக்கத்தையும் எஞ்சின் வகையையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

பிளக்கின் மேல் உள்ள எழுத்துகளும் எண்களும் அலங்காரத்துக்கு இடப்பட்டவை அல்ல. அவற்றில் ஒன்று வெப்ப நிலையைக் குறிக்கும். பிளக் தயாரிக்கும் நிறுவனங்களான என்ஜிகேயின் இலக்கத்தில் 5, 6, 7 என்றும், டென்சோவில் 16, 20, 22 என்றும் வருவது அதுவே. என்ஜிகேயின் 6க்கு டென்சோவின் 20 இணை. இரண்டிலும் எண் கூடக் கூடப் பிளக் ‘குளிர்ந்தது’, அதாவது வெப்பத்தை விரைவாக ஹெட்டுக்குக் கடத்துவது. தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் கரி பிடிக்கும். தேவைக்கு மேல் சூடானது, பொறி வருமுன்பே பெற்றோலைப் பற்றவைத்துப் பிஸ்டனைக் காயப்படுத்தும். மரையின் நீளமும் அதேயளவு முக்கியம். 19 மி.மீ. வேண்டிய இடத்தில் 26.5 மி.மீ. பிளக்கைப் பூட்டினால் பிஸ்டன் மேலே வரும்போது அதில் இடிக்கக்கூடும்.

போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. உண்மையான இரிடியம் பிளக்கின் நடு முனை பென்சில் ஈயத்தைவிட மெல்லியது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருக்கும், தடித்த முனையை வைத்துக்கொண்டு பெட்டியில் இரிடியம் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கழுத்திலுள்ள வாசர் இலகுவாகக் கழன்று கையோடு வரக் கூடாது. வெள்ளைப் பீங்கானில் உள்ள எழுத்து விரலால் தேய்த்தால் மங்கக் கூடாது. நான்கு பெட்டிகளையும் கடையிலேயே திறந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்; நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

கொயில் விடயத்தில் என் நிலைப்பாடு இது: பிளக்குகளை எப்போதும் முழுத் தொகுதியாக மாற்றுங்கள், கொயிலில் பழுதானதை மட்டும் மாற்றுங்கள். பெயர் தெரியாத மலிவுக் கொயில் நான்கைவிட, வானில் ஏற்கெனவே இருந்த நிறுவனத்தின் அசல் கொயில் ஒன்று நீண்ட நாள் உழைக்கும். கையில் பணம் குறைவென்றால் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ரீகண்டிஷன் கொயிலை வாங்கலாம், ஆனால் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, உடலில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பிளக் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

கருவிகள்

10 மி.மீ. சொக்கட், பிளக் சொக்கட், குறைந்தது ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன், ராச்சட் கைப்பிடி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச், இடைவெளி பார்க்கும் கம்பி அளவுகோல், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், டோர்ச் லைட், சுத்தமான துணி ஆகியன போதும். ஜப்பானிய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு 16 மி.மீ. பிளக் சொக்கட் பொருந்தும். புதிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 14 மி.மீ. வேண்டும். உள்ளே காந்தமோ ரப்பரோ உள்ள சொக்கட்டையே வாங்குங்கள், இல்லாவிட்டால் கழன்ற பிளக்கை அந்த ஆழமான குழியிலிருந்து எடுக்கப் பெரும்பாடு படுவீர்கள். இவற்றுடன் ஒரு சாண் நீளப் பெற்றோல் ஹோஸ் துண்டு ஒன்றையும் ஹார்ட்வெயார் கடையில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் இறுக்கமாக நுழையும் அளவில் அது இருக்க வேண்டும். அதன் பயன் பின்னால் வருகிறது.

டோர்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் நண்பரிடம் இரவல் வாங்கலாம். அது இல்லாமல் செய்யும் வழியையும் சொல்கிறேன்.

கழற்றுதல்

சனிக்கிழமை காலை இந்த வேலைக்கு உகந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் பெரும்பாலான உதிரிப்பாகக் கடைகள் மூடியிருப்பதால், பாதி வேலையில் ஏதாவது உடைந்தால் வான் அப்படியே நின்றுவிடும். முதல்நாள் மாலையிலேயே நிழலான சம தரையில் நிறுத்திவிடுங்கள். எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மரையும் சேர்ந்து உரிந்து வரும் அபாயம் உண்டு.

சாவியை எடுத்து, ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது பாதுகாப்பான பழக்கம்தான், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வான்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வழிகாட்டித் திரையுள்ள பிளேயர் சில, மின்சாரம் போனதும் பூட்டிக்கொண்டு இரகசிய எண் கேட்கும். உங்கள் வானில் அப்படியொன்று இருந்தால், சாவி எடுத்த நிலையில் பற்றரியைத் தொடாமலே இந்த வேலையைச் செய்யலாம்.

எஞ்சின் மூடியையும், வழியில் நிற்கும் எயார் பில்டர்க் குழாயையும் அகற்றியதும் கொயில்கள் வரிசையாகத் தெரியும். எதையும் தொடுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு தூசியை ஊதி நீக்குங்கள். காற்றழுத்த இயந்திரம் இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும். கொயில் இருக்கும் குழிக்குள் மணல் கிடந்தால், பிளக்கைக் கழற்றிய மறுகணமே அது சிலிண்டருக்குள் விழும்.

ஒரு சிலிண்டரை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டால் கனெக்டர் இடம் மாறவும் திறந்த துளையொன்றில் நட்டு விழவும் வாய்ப்பு அதிகம். கனெக்டரின் பூட்டு நாக்கை அமுக்கிக்கொண்டு, வயரை அல்லாமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். பதினைந்து ஆண்டுச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம்போல நொறுங்கக்கூடியதாகியிருக்கும். பலவந்தம் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் நாக்கை மெதுவாகத் தாழ்த்தினால் வந்துவிடும். 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றிவிட்டு, கொயிலை இடமும் வலமும் சற்றுத் திருப்பி ரப்பரின் பிடியை விடுவித்த பின் நேராக மேலே தூக்குங்கள்.

இப்போது குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு மூடியின் உள்வளைய ரப்பர் கசிகிறது. அதையும் மாற்றாவிட்டால் புதிய கொயிலின் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். தண்ணீர் நின்றால், மழை வெள்ளமோ சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்கு அடித்த அழுத்த நீரோ காரணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் துணியால் உறிஞ்சி எடுத்த பின்னரே பிளக்கில் கை வையுங்கள்.

சொக்கட்டை எக்ஸ்டென்ஷனோடு நேராக இறக்கி, இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதலில் ஒரு சிறிய ‘டிக்’ ஒலியோடு இளகும், பிறகு விரலாலேயே சுழலும். நடுவில் இறுக்கம் கூடினால் நிறுத்திவிட்டு, துரு நீக்கும் எண்ணெயை ஓரிரு துளி விட்டு, கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று முன்னும் பின்னுமாக வேலை செய்யுங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இழுப்பதுதான் மரையைக் கொல்வது.

பழைய பிளக் சொல்வதைப் படியுங்கள்

கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். நுனி இளம் மண்ணிறமாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி என்றால் பெற்றோல் அளவுக்கு மீறி வருகிறது அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக் மாற்றுவதால் அது குணமாகாது. வெண்மையாகிப் பொங்கிய நுனி, அளவுக்கு மீறிய சூட்டைக் காட்டும்.

வெள்ளைப் பீங்கானில், உலோகத்துக்குச் சற்று மேலே, மண்ணிற வளையம் ஒன்று படிந்திருப்பதைக் கண்டு காற்றுக் கசிவு என்று பலர் பயந்துவிடுகிறார்கள். உயர் வோல்டேஜைச் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு அங்கே படிவதால் உண்டாகும் கறை அது; கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் பீங்கானின் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு இருந்தால், பொறி நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக வழுக்கி உலோகத்துக்குப் பாய்ந்திருக்கிறது. அந்தப் பிளக்குக்கு உரிய கொயிலின் ரப்பருக்குள் டோர்ச் அடித்தால் அதே இடத்தில் எரிந்த தடமும் தெரியும். அப்படியானால் ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். தனியாகக் கிடைக்காவிட்டால் முழுக் கொயிலையும்.

பூட்டுதல்

புதிய பிளக்கின் இடைவெளியை அளந்து பாருங்கள். என்ஜிகே இலக்கத்தின் இறுதியில் 11 என்று வந்தால் 1.1 மி.மீ. என்று பொருள். இரிடியம் பிளக்கில் அளவு சரியாக இருந்தால் கையே வைக்காதீர்கள். மெல்லிய நடு முனையில் அளவுகோலை அழுத்தினாலே அது முறிந்துவிடும். தரையில் விழுந்த புதிய பிளக்கையும் பூட்ட வேண்டாம். பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம், அது பின்னர் ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடித்து உங்களைக் குழப்பும்.

மரையில் கிரீஸோ, இறுகாமல் இருக்கப் பூசும் பசையோ தேவையில்லை. இன்றைய பிளக்குகளின் மரையில் அதற்கான முலாம் ஏற்கெனவே உண்டு. மேலும் பூசினால் உராய்வு குறைந்து, டோர்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும்போதே பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும்.

இனித்தான் அந்த ஹோஸ் துண்டு. பிளக்கின் பீங்கான் தலையை அதற்குள் செருகி, குழிக்குள் நேராக இறக்குங்கள். நுனி துளையைத் தொட்டதும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் எங்கோ பிளக் மயிரளவு கீழே இறங்குவதை விரலில் உணர்வீர்கள். பிளக்கின் மரை ஹெட்டின் மரையின் வாயில் வந்து விழும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் எந்தத் தடையும் இல்லாமல் சுழன்று இறங்கும். கோணலாகப் பிடித்துவிட்டால் பிளக் நின்றுவிடும், ஹோஸ் மட்டும் அதன் தலையில் வழுக்கிச் சுழலும். அலுமினியத்தைக் கிழிக்குமளவு வலிமை அந்த ரப்பருக்குக் கிடையாது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். பத்துத் தடவை தொடங்கினாலும் பரவாயில்லை.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வானைக் கொடுத்த ஒரு கராஜில், நேரத்தை மிச்சப்படுத்த எண்ணிய இளைஞர் ஒருவர் பிளக்கை ராச்சட்டிலேயே மாட்டி முதல் சுற்றிலிருந்தே வலுவாகத் திருகினார். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது விவரம் தெரியாது. சில வாரங்கள் கழித்து இரண்டாம் சிலிண்டரிலிருந்து ‘டுப் டுப்’ என்று காற்றுக் கசியும் ஒலி கேட்டது. கழற்றிப் பார்த்தபோது பிளக்கோடு அலுமினியச் சுருளும் வந்தது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், மரையைப் பெரிதாக்கி உள்ளே உருக்குச் சுருள் வைத்துத் திரும்பப் பூட்டும்வரை வான் இரண்டு வாரம் நின்றது. பிளக் ஒன்றைக் கையால் இறக்க எடுப்பது இரண்டு நிமிடம்.

பிளக் கையால் முழுவதும் இறங்கி வாசர் ஹெட்டில் அமர்ந்த பிறகே ரெஞ்சை எடுங்கள். வாசர் உள்ள 14 மி.மீ. மரைப் பிளக்குக்கு 20 முதல் 30 நியூட்டன் மீற்றருக்குள்ளும், சில சிறிய எஞ்சின்களில் வரும் 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 வரையும் இறுக்கம் போதும். உங்கள் வானின் கையேட்டில் இலக்கம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால், புதிய பிளக்கைக் கையால் அமர்த்திய இடத்திலிருந்து ஏறத்தாழ அரைச் சுற்றுத் திருப்புங்கள். அந்த அரைச் சுற்றில் வாசர் நசுங்குவது மென்மையாகக் கைக்குத் தெரியும். ஏற்கெனவே பூட்டிய பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது வாசர் நசுங்கி முடிந்திருப்பதால், கடிகார முள் ஒரு மணி நகரும் அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று மட்டுமே போதும்.

கொயிலின் ரப்பர் வாயில் உட்புறமாகச் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவினால் ஈரம் புகாது, அடுத்த தடவை கழற்றும்போது ரப்பர் கிழியவும் மாட்டாது. கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வான் நிறுத்துபவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். அங்குள்ள உப்புக் காற்று கனெக்டரின் ஊசிகளைப் பச்சையாக அரித்துவிடுகிறது. கொயிலை நேராக அழுத்தினால் பிளக்கின் தலையை அது கவ்வும் உணர்வு உள்ளங்கைக்குக் கிடைக்கும். 10 மி.மீ. போல்ட்டை இரு விரலால் இறக்கி, பின்னர் சிறிய அளவில் மட்டும் இறுக்குங்கள். அதுவும் அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோதான் பிடித்திருக்கிறது. கனெக்டர் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும்வரை தள்ளி, ஒரு தடவை மெல்ல இழுத்து உறுதிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

கருவிகளை எண்ணி, ஒன்றும் எஞ்சினுக்குள் விடுபடவில்லை என்று உறுதியான பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு கணங்கள் தடுமாறலாம், பிறகு ஐட்லிங் சீராக வேண்டும். பற்றரியைக் கழற்றியிருந்தால் எஞ்சின் கணினி தன் அளவுகளைத் திரும்பப் பழகிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும்; ஏசி போடாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தொடர்ந்து குலுங்கினால் எஞ்சினை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் முன்பாகக் கனெக்டர்களைப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அவற்றில் ஒன்றுதான் பாதி செருகப்பட்டிருக்கும். ‘டுப் டுப்’ ஒலி கேட்டால் ஒரு பிளக் சரியாக அமரவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் அதைத் தொடுங்கள்.

பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஒன்றில் ஏறிப் பாருங்கள். வெறும் வான் சமதரையில் நன்றாக ஓடுவதைக்கொண்டு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். சுமையோடு ஏறும்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பலவீனமான கொயில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்து மீண்டும் ஸ்கேன் செய்து பாருங்கள்.

கழற்றிய கொயில்களில் நல்லதாக ஒன்று மிஞ்சினால், அதைத் துணியில் சுற்றி 10 மி.மீ. சொக்கட்டோடு இருக்கைக்கடியில் வையுங்கள். யாழ்ப்பாணம் போகும் வழியில் இரவு பதினொரு மணிக்கு ஒரு கொயில் போனால், அது இருந்தால் பத்து நிமிடத்தில் பயணத்தைத் தொடரலாம். அன்றைய திகதி, மீற்றரில் உள்ள கிலோமீற்றர், பூட்டிய பிளக்கின் முழு இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரு சிறிய தாளில் எழுதி, பொலித்தீன் உறையிலிட்டு, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.